கடையின் கணினிப் பாதுகாப்பை யாரிடம் கொடுப்பது? மலையக வணிகர்களுக்கு நான்கு வழிகள்

எல்லயில் சில அறைகளோடு விருந்தினர் விடுதி நடத்துபவர், ஹட்டன் டவுனில் நகைக்கடையோடு அடகும் பிடிப்பவர், பண்டாரவளைப் பக்கம் சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் கணக்காளர், கண்டியில் டியூஷன் வகுப்பு நடத்தும் ஆசிரியர். தொழில் வேறு வேறு, கேட்பது ஒரே கேள்வி: "கொம்பியூட்டர் பாதுகாப்புக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும். நாங்களே பார்த்துக்கொள்வதா, டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் விடுவதா, கொழும்புக் கம்பனிக்கு மாதா மாதம் கட்டுவதா, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் க்ளவுட்டில் போட்டுவிடுவதா?"

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்வேன். தாக்குதலை யார் தடுப்பார் என்று மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். தாக்குதல் நடந்து, அதே நேரம் பாதையும் மூடிக் கிடக்கும் ஒரு காலையில் உங்கள் தொழிலை யார் மறுபடி எழுப்பித் தருவார் என்று கேளுங்கள். நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை முன்வைத்தே கீழே எடைபோட்டிருக்கிறேன்.

## நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்?

"இந்த மலையில் இருக்கும் என் கடை யார் கண்ணில் படப்போகிறது?" என்று பலர் நினைக்கிறார்கள். யாரும் உங்களைப் பெயர் சொல்லித் தேடுவதில்லை. இணையத்தில் இருக்கும் கணினிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் வேலையை நிரல்கள் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. திறந்து கிடக்கும் கதவு லண்டனில் இருந்தாலும் தலவாக்கலையில் இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வனாக்ரை என்ற தாக்குதல் நிரல் அப்படித்தான் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் அகப்பட்டன. இன்று அந்த நிலையில் இருப்பது விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் பில் போடும் கணினியில் எது ஓடுகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

விடுதிக்காரர்களைக் குறிவைக்கும் மோசடி ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்ல, நுவரெலியா, கண்டிப் பக்கம் அறை வாடகையை நம்பி வாழும் குடும்பங்கள் அதிகம். 2023 அளவிலிருந்து பல நாடுகளில் இது நடக்கிறது. விருந்தினர்போல ஒருவர் எழுதுவார்: பாஸ்போர்ட்டை உங்கள் விடுதியில் விட்டுவிட்டேன், அல்லது என் பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கிறது, இந்த இணைப்பில் விவரம் இருக்கிறது, பாருங்கள் என்று. வரவேற்பில் இருக்கும் பையன் உதவி செய்யும் மனதோடு அதைத் திறப்பான். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட் எல்லாம் வெளியே போய்விடும். பிறகு மோசடிக்காரர்கள் புக்கிங் டொட் கொம் போன்ற தளத்தில் உங்கள் கணக்குக்குள் புகுந்து, வரவிருக்கும் விருந்தினர்களுக்கு உங்கள் பெயரிலேயே செய்தி அனுப்புவார்கள்: "உங்கள் கார்ட் சரிபார்க்கப்படவில்லை, உடனே இங்கே கட்டுங்கள், இல்லாவிட்டால் அறை ரத்தாகும்." பெயர், திகதி, அறை எல்லாம் சரியாக இருப்பதால் அவர்களும் நம்பிக் கட்டுவார்கள். காசை இழப்பது விருந்தினர், பெயர் கெடுவது உங்களுக்கு.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. மின்னஞ்சலுக்குள் சத்தமில்லாமல் நுழைந்தவர் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், வாசித்துக்கொண்டே இருப்பார். வெளிநாட்டு வாடிக்கையாளர் காசு அனுப்பும் வேளை வந்ததும் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு வரி அனுப்புவார். போன காசு திரும்புவது அபூர்வம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரும், ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டு வாங்கி வட்ஸ்அப்பைப் பறிப்பதும் எல்லோரும் கேள்விப்பட்டவைதான்.

## எதை வைத்து எடைபோடுவது?

எத்தனை மணி நேரத்தில் மறுபடி வேலை தொடங்கும்? அடகுக் கடையில் கணக்கு திறக்காவிட்டால் நகை மீட்க வந்தவருக்கு அன்றைக்கே பதில் சொல்ல முடியாது. மாத முடிவில் கொழுந்துக் கணக்கு போனால் சிறு தோட்டக்காரர்களின் வீட்டில் அடுப்பு எரிவது தாமதமாகும். டியூஷன் வகுப்பு ஒரு வாரம் கொப்பியில் எழுதிச் சமாளிக்கலாம். உங்கள் தொழில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதையும் மின்சாரமும் சிக்னலும் இல்லாதபோது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மண்சரிவில் பட்ட பாடு இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. பாதைகள் அறுந்தன, மின்சாரம் போனது, பல இடங்களில் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அவ்வளவு பெரிய அனர்த்தம் அடிக்கடி வராது. ஆனால் மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடுவது நமக்குப் பழகிய விஷயம். கொழும்பில் எழுதும் பாதுகாப்பு ஆலோசனைகளில் இந்த வரி இருக்காது. நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாவி யார் கையில்? மின்னஞ்சலின் தலைமைக் கணக்கு, அதை மீட்கும் தொலைபேசி இலக்கம், இணையத்தளப் பெயரின் பதிவு, பெக்கப்பின் (கோப்புகளின் மறுபிரதி) பாஸ்வேர்ட். இவை யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்தான் உண்மையில் உங்கள் தொழிலின் வாசலில் நிற்கிறார்.

சொல்லாமல் விடும் செலவு. விலைப்பட்டியலில் இருக்கும் தொகையை எல்லோரும் ஒப்பிடுவார்கள். வராத நாளின் நஷ்டம், ஆள் மாறும்போது ஆகும் செலவு, ஒப்பந்தத்தை முறிக்கும் செலவு ஆகியவை எங்கேயும் எழுதியிருக்காது.

எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது? காசாளருக்குத் தமிழும் சிங்களமும் தெரியும். கணினி ஆங்கிலத்தில் எச்சரிக்கிறது. புரியாத பெட்டி ஒன்று திரையில் வந்தால் கை தானாகவே "ஓகே"யை அழுத்தும். இதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

சட்டப் பொறுப்பு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அது முழுதாக நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போயிருந்தாலும், ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமிருக்கிறது. அடையாள அட்டை இலக்கம், ஈ.பீ.எஃப் விவரம், விருந்தினரின் பாஸ்போர்ட் பிரதி இவற்றை வைத்திருக்கும் யாரும் "நான் சின்ன ஆள்" என்று ஒதுங்க முடியாது. வேலையை யாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

## வழி ஒன்று: நாமே பார்த்துக்கொள்வது

கடையில் கொஞ்சம் கணினி தெரிந்த ஒருவரை இதற்கென்று வைப்பது. உயர்தரம் படித்த மகள், கணக்கு எழுதும் பிள்ளை, யாராகவும் இருக்கலாம். வாரத்தில் அரை நாள் அவருக்கு ஒதுக்க வேண்டும். செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல: விண்டோஸைப் புதுப்பித்து வைப்பது, அதனோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்காமல் விடுவது, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுப்பது, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் புக்கிங் தளத்துக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் முறையை, போடுவது. கணக்குகளைக் கைப்பற்ற வரும் தாக்குதல்களில் 99.9 சதவீதத்துக்கு மேல் இந்த இரண்டாவது கட்டத்தில் நின்றுவிடும் என்று மைக்ரோசொப்ட் 2019இல் சொன்னது. காசே செலவில்லாத ஒரு வேலைக்கு இது பெரிய பலன்.

மறைந்த செலவு இரண்டு. நம் பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும் காலம் இது. அந்தப் பிள்ளை போகும்போது எல்லாப் பாஸ்வேர்டும் அவர் ஞாபகத்தோடு போய்விடும். இரண்டாவது இன்னும் பாரதூரமானது: பயம். தவறான இணைப்பை அழுத்தியவர் முதலாளியின் திட்டுக்குப் பயந்து சொல்லாமல் விடுவார். காலையில் சொல்லியிருந்தால் ஒரு கணினியோடு முடிந்திருக்கும், மாலைக்குள் எல்லாக் கணினிக்கும் பரவும். "அழுத்திவிட்டேன் என்று வந்து சொன்னால் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று முதலாளி முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். எந்த மென்பொருளும் இதற்கு ஈடாகாது.

மூன்று நான்கு கணினிகள், ஆர்வமுள்ள ஓர் ஆள், ஒரு நாள் நின்றாலும் தாங்கும் தொழில் என்றால் இந்த வழி போதும். பெரிய தாக்குதல் வந்தால் அந்த ஆள் தனியாக நிற்பார், அதையும் நினைவில் வையுங்கள்.

## வழி இரண்டு: டவுன் கொம்பியூட்டர் கடை

மலையகத்தில் அதிகம் பேர் எடுத்திருக்கும் வழி இதுதான். அதற்கு நியாயமான காரணம் உண்டு. கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வருவார். தமிழில் விளக்குவார். இடி மின்னலில் ரவுட்டர் கருகினால் மாற்று ரவுட்டரோடு வருவார். பாதை மூடினாலும் அவரும் பாதைக்கு இந்தப் பக்கம்தான் இருப்பார். மேலே சொன்ன இரண்டாவது அளவுகோலில் இவரை யாரும் மிஞ்ச முடியாது.

ஆனால் இவர்களில் பலர் கற்றது பழுது பார்க்கும் தொழில். வைரஸ் என்றதும் கை போவது "ஃபோர்மட்" பக்கம். டிஸ்கை முழுதாக அழித்து ஃபோர்மட் செய்தால் கணினி ஓடும். எப்படி நுழைந்தார்கள் என்ற தடயமும் சேமிக்காத கணக்கும் போய்விடும், நுழைந்த வழி அப்படியே திறந்திருக்கும். அடுத்த மாதம் மறுபடி வரும்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாத விண்டோஸும் ஒஃபிஸும் போட்டுத் தருவது எங்கும் பரவியிருக்கிறது. அதைத் திறக்க ஓட்டும் "எக்டிவேட்டர்" முதலில் கேட்பதே வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லித்தான். பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காவலுக்கு ஆள் தேடுவது போலாகிவிடும். உரிமத்துக்கு மிச்சம் பிடித்த காசு ஒரே தாக்குதலில் பல மடங்காகப் போகும்.

தொலைவிலிருந்து கணினியைத் திறக்க எனிடெஸ்க் போன்ற மென்பொருளைப் போட்டு வைப்பதும் வழக்கம். வசதிதான். ஆனால் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தால், அவர் கணினி ஒன்று தாக்கப்பட்ட அன்றே டவுனில் பாதிக் கடைகள் திறந்துவிடும்.

அதற்காக இந்தத் தம்பிமாரை ஒதுக்கச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் நம் ஊரில் ஒரு கடையும் ஓடாது. வாய்ப் பேச்சை எழுத்தாக்குங்கள், அது போதும். ஒரு பக்கக் காகிதத்தில் இவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடலாம்: எத்தனை மணி நேரத்தில் வருவார், கேட்காமல் ஃபோர்மட் செய்ய மாட்டார், உரிமம் உள்ள மென்பொருள் மட்டும், உங்கள் கடைக்குத் தனிப் பாஸ்வேர்ட், மாதம் ஒரு முறை பெக்கப்பைத் திறந்து காட்டுவார். வந்த தடவைக்குக் கொடுக்கும் காசை விட்டுவிட்டு ஒரு சிறிய மாதத் தொகை பேசுங்கள். பழுதானால்தான் வருமானம் என்ற நிலையில் இருப்பவரிடம் பழுதாகாமல் பார்க்கச் சொல்வது நியாயமில்லை.

## வழி மூன்று: கொழும்பு நிறுவனத்துக்கு மாதக் கட்டணம்

கணினிகளில் ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுவி, சந்தேகமான அசைவு தெரிந்தால் இரவிலும் தலையிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. தடுக்கும் வலிமையில் நான்கு வழிகளிலும் இதுதான் முதலிடம். நுழைந்தவரின் தடயத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள், பல தாக்குதல்களைப் பார்த்தவர்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் "உங்கள் பாதுகாப்பு ஏற்பாடு என்ன?" என்று படிவம் அனுப்பினால் பதில் எழுதவும் உதவுவார்கள்.

ஒப்பந்தத்தை நன்றாக வாசியுங்கள். "24 மணி நேரமும்" என்று எழுதியிருப்பது கண்காணிப்புக்கா, மீட்டுத் தருவதற்கா? நேரில் வந்தால் பயணச் செலவு யாருக்கு? கணினி ஒன்றுக்கு இவ்வளவு என்றால் ஆகக் குறைந்த எண்ணிக்கை உண்டா? விலகினால் பெக்கப்பைக் கையில் தருவார்களா? அறிக்கை ஆங்கிலத்தில் வந்தால் கடையில் யார் வாசிப்பார்? வாசிக்க ஆள் இல்லாவிட்டால் நல்ல எச்சரிக்கையும் இன்பொக்ஸில் தூங்கும்.

அப்புறம் தூரம். நெட் இருக்கும்வரை அவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். நெட் போனால் மலைக்கு அந்தப் பக்கம். இந்த வழியை எடுப்பவர்கள் டவுனில் ஒருவரையும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

## வழி நான்கு: எல்லாவற்றையும் க்ளவுட்டுக்கு மாற்றுவது

கோப்பும் மின்னஞ்சலும் உங்கள் கணினியில் மட்டும் இல்லாமல், இணையம் வழியாகப் பெரிய நிறுவனங்களின் கணினிகளில் இருப்பதுதான் க்ளவுட். கணினி திருட்டுப் போனாலும், கூரை ஒழுகி நனைந்தாலும், மண்ணுக்குள் போனாலும் கணக்கு மிஞ்சும். மண்சரிவு அபாயமுள்ள சரிவில் கட்டடம் இருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். போலி மின்னஞ்சலை வடிகட்டுவதிலும் கூகுள், மைக்ரோசொப்ட் போன்றவற்றின் வேலை நாம் தனியாகச் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் "க்ளவுட்டில் இருக்கிறது, அதனால் பெக்கப் இருக்கிறது" என்ற நம்பிக்கை ஆபத்தானது. உங்கள் கணினியில் கோப்பு பூட்டப்பட்டால், பூட்டப்பட்ட கோப்பே மேலே ஏறி நல்ல கோப்பின் இடத்தில் உட்காரும். கூகுள் ட்ரைவில் ஏற்றிய கோப்பின் பழைய வடிவங்கள் வழக்கமாக 30 நாட்களுக்குத்தான் இருக்கும். குப்பைத் தொட்டிக்குப் போனதும் 30 நாளில் அழியும். அந்தக் கட்டடத்தையும் இயந்திரத்தையும் அவர்கள் பாதுகாப்பார்கள். உங்கள் பாஸ்வேர்ட் திருட்டுப் போவதும் உங்கள் ஆள் அழித்துவிடுவதும் உங்கள் பாடு.

நம் நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. 2023 ஓகஸ்ட் மாதம் லங்கா அரச க்ளவுட் ரான்சம்வேரால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் பழைய 2013 பதிப்பு. இழந்த காலத்துக்கு இணையத்திலிருந்து துண்டித்து வைத்த பெக்கப் இருக்கவில்லை. சேவை சீக்கிரம் திரும்பியது, கடிதங்கள் திரும்பவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இது நடந்தது என்றால், க்ளவுட் என்ற சொல்லை மட்டும் நம்பி நாம் இருக்கக் கூடாது.

மறைந்த செலவு டொலரில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அதே சேவை, அதே ஆட்கள், பில் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. பத்துப் பேருக்குக் கணக்கு எடுக்கும் முன் இதை நினையுங்கள். நெட் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதும் அப்படியே நிற்கிறது: அன்றைய வாடகைப் பட்டியல், நிலுவைப் பட்டியல் போன்றவற்றைக் காகிதத்திலோ கணினியிலோ பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

கடைசியாக, கணக்கு யார் பெயரில்? வேலையை விட்டுப்போன ஒருவரின் சொந்த ஜிமெயிலில் மொத்தக் கடையும் தொங்கிக்கொண்டிருப்பது நம் ஊர்களில் சாதாரணம். க்ளவுட்டுக்கு மாறும் முன் அதைச் சரி செய்யுங்கள்.

## ஒரே பார்வையில்

| | நாமே | டவுன் கடை | கொழும்பு நிறுவனம் | க்ளவுட் |
|---|---|---|---|---|
| தடுக்கும் வலிமை | ஆளைப் பொறுத்தது | நடுத்தரம் | அதிகம் | மின்னஞ்சலுக்கு அதிகம் |
| மீண்டு எழும் வேகம் | பெக்கப் இருந்தால் வேகம் | வேகம் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | நெட் இருந்தால் வேகம் |
| பாதை மூடினால் | பாதிப்பில்லை | பாதிப்புக் குறைவு | நேரில் வர முடியாது | பாதிப்பில்லை |
| நெட் இல்லாவிட்டால் | வேலை நடக்கும் | வேலை நடக்கும் | கண்காணிப்பு நிற்கும் | வேலை நிற்கும் |
| சாவி | ஒரே ஆளிடம் | பெரும்பாலும் கடைக்காரரிடம் | எழுதி வாங்க வேண்டும் | தலைமைக் கணக்கு யாரிடமோ அவரிடம் |
| மறைந்த செலவு | ஆள் விலகுவது, பயம் | ஃபோர்மட், உரிமமற்ற மென்பொருள் | பயணம், ஒப்பந்த முறிவு | டொலர், தனி பெக்கப் |

## எந்த வழி எடுத்தாலும் உங்கள் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கழற்றி வைத்த பெக்கப். ஹார்ட் டிஸ்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். இரண்டு டிஸ்க் வாங்குங்கள். வாரம் மாற்றி வாரம் ஒன்றில் எடுங்கள், எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். திருட்டுப் போனால் விவரம் வெளியே போகாமல் டிஸ்குக்குப் பாஸ்வேர்ட் போட மறக்க வேண்டாம்.

இது சின்னக் கடைக்கு மட்டுமான யோசனை என்று நினைத்தால் மேர்ஸ்க்கின் கதையைக் கேளுங்கள். உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று. 2017 ஜூனில் நொட்பெட்யா என்ற தாக்குதல் நிரல் தாக்கியபோது அதன் வலையமைப்பின் மையப் பதிவேட்டை வைத்திருந்த சேர்வர்கள் ஒன்றின் பின் ஒன்றாக அழிந்தன. மிஞ்சியது கானாவில் இருந்த ஒன்று மட்டும். தாக்குதல் நேரம் அங்கே மின்சாரம் போயிருந்ததால் அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்துதான் மீட்பு தொடங்கியது. அப்படியிருந்தும் ஏறக்குறைய 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது, நஷ்டம் 25 முதல் 30 கோடி டொலர். அவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த துண்டிப்பை நாம் இரண்டு டிஸ்கில் திட்டமிட்டே செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஒரு காகிதம். கணினியில் வைத்தால் பூட்டப்படும், அதனால் காகிதத்தில் எழுதி காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். அதில் இருக்க வேண்டியவை:

- நெட் கேபிளைக் கழற்று, வைஃபையை நிறுத்து. எதையும் அழிக்காதே, ஃபோர்மட் செய்யாதே.
- திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடு.
- காசு போயிருந்தால் வேறு யாரையும் விட முதலில் வங்கிக்கு அழை. முதல் மணி நேரம் போனால் மீட்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.
- கணினித் தாக்குதல்களுக்கு உதவும் தேசிய அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழை. பிறகு பொலிஸில் முறையிடு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்காகவே இருக்கிறது.
- வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய இரண்டு வரி, முன்கூட்டியே எழுதியது.

பணம் கேட்டு மிரட்டினால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கட்டிய பிறகும் கோப்பு திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் பங்கெடுத்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறது. முதலில் அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒத்திகை. பெக்கப்பிலிருந்து ஒரு கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பெக்கப்பை நான் பெக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

## சரி, யாருக்கு எது?

விருந்தினர் விடுதி, ஹோம்ஸ்டே: க்ளவுட். மின்னஞ்சலும் புக்கிங் கணக்கும்தான் உங்கள் சொத்து, இரண்டுக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். புக்கிங் தளத்தைத் திறக்கும் கணினியில் வேறு எதையும் திறக்க வேண்டாம். "தளத்துக்கு வெளியே கார்ட் விவரம் கேட்க மாட்டோம்" என்று விருந்தினருக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள்.

நகைக்கடை, அடகுக் கடை: டவுன் கடையோடு எழுத்து ஒப்பந்தம், கழற்றி வைத்த இரண்டு டிஸ்க், தினமும் மாலையில் அச்சடித்த நிலுவைப் பட்டியல். அடகுக் கணக்கு ஓடும் கணினிக்கு இணையம் தேவையே இல்லை என்றால் இணைக்காமல் விடுங்கள்.

கொழுந்து வாங்கும் தொழிற்சாலை, ஏற்றுமதி செய்பவர்கள்: கணினி பத்துப் பதினைந்தைத் தாண்டி, சேர்வரும் வெளிநாட்டுக் காசும் இருந்தால் கொழும்பு நிறுவனத்தின் கட்டணம் தகும், டவுனில் ஓர் ஆளோடு சேர்த்து. அதோடு காசே செலவில்லாத ஒரு விதி: வங்கிக் கணக்கு மாறியதாக எந்த மின்னஞ்சல் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த இலக்கத்தில் அழைத்துக் குரலில் உறுதி செய்யாமல் யாரும் காசு அனுப்பக் கூடாது. உங்கள் வாடிக்கையாளரிடமும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்.

டியூஷன் வகுப்பு, சிறு கடை: நாமே பார்த்துக்கொள்வது போதும். மாணவர் விவரத்தைக் குறைத்து வைத்திருங்கள், தேவையில்லாத அடையாள அட்டைப் பிரதிகளைக் கிழித்துப் போடுங்கள். கையில் இல்லாததை யாரும் திருட முடியாது.

தோட்டக் கூட்டுறவுக் கடை, சங்கம்: இவர்களுக்குத்தான் தெரிவு கடினம். காசு குறைவு, ஆனால் கையில் இருப்பது நூற்றுக்கணக்கான குடும்பங்களின் விவரம். அருகிலுள்ள இரண்டு மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒரே தொழில்நுட்பவியலாளரை மாதச் சம்பளத்துக்கு வைப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். சாவிகளை மட்டும் ஒவ்வொரு சங்கமும் தன் தலைவர், பொருளாளர் இருவரிடமும் தனித்தனியாக வைத்திருக்கட்டும்.

மாற்றம் செய்யும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் தொடங்கிய பிறகு யாரும் மின்னஞ்சலை மாற்றப் போக வேண்டாம், பெப்ரவரிக்குள் முடியுங்கள். நகைக்கடைகள் தீபாவளிக்கு முந்திய மாதத்தைத் தவிர்க்கட்டும். கொழுந்து வாங்குபவர்கள் மாதக் கணக்கு முடித்த மறுவாரம் தொடங்கலாம். பழைய முறையையும் புதிய முறையையும் ஒரு மாதம் சேர்த்தே ஓட்டுங்கள், இரண்டு கணக்கும் சதம் பிசகாமல் ஒத்து வந்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.